ஏழின் குறுக்குக் கோடு

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகைவன் பிடித்த சிற்றூரைப் படைமறவர் மீட்கும் கதைகள் போர்த் திரைப்படங்களிற் பலவுண்டு. அவற்றுள் யான் எடுத்துக்கொண்டது, 1942-இல் ஆங்கிலர் எடுத்த ‘வென்ட் த டே வெல்’ என்பது. ‘நாள் நன்கு கழிந்ததா?’ என்பது அதன் பொருள். கிரேயம் கிரீன் 1940-இல் எழுதிய சிறுகதையை அடியாகக் கொண்டது. இயக்கிய கவல்காந்தியோ பிரேசில் நாட்டவர்.

பிராம்லி எண்டு என்னும் கற்பனைச் சிற்றூர். ஆங்கிலப் படையுடையில் சிலர் வந்திறங்குகின்றனர்; ஊரார் விருந்தோம்புகின்றனர். வந்தவர் செருமானியர்! அவர்தம் ஆங்கிலத்திற் குற்றமில்லை. காட்டிக்கொடுத்தது எது? சீட்டாட்டக் கணக்கெழுதிய தாளில், ஏழு என்னும் எண்ணின் நடுவே இழுத்த குறுக்குக் கோடு. ஆங்கிலர்க்கு அவ்வழக்கமில்லை. பின்னர்ச் சிறுவனொருவன் கையில் அகப்பட்ட சாக்கலேட்டின்மேல் ‘வீன்’ என்றிருக்கிறது. வியன்னா நகர்க்குச் செருமானியர் வழங்கும் பெயர் அது. உடையை மாற்றினர், நாவைப் பழக்கினர், எழுதும் கையை மாற்ற இயலவில்லை. (நாமோ ஏழுக்குரிய ‘௭’ என்னும் நம் வடிவத்தை ஏட்டிற் பூட்டிவிட்டோம். அது வேறு கதை.)

இதுவரை கேட்டுத் தலையசைத்தீர்கள். இனிச் சொல்வது சிலர்க்குக் கசக்கலாம். ஊரார் தம் ஐயத்தை நம்பிச் சொல்லும் பெருமகன் ஒருவன் உளன்; பெயர் வில்சுபோர்டு. பிறப்பால் ஆங்கிலன்; பேச்சாலும் ஆங்கிலன்; பகைவர்க்கோ உளவாள்! தூய மொழி பேசுவான் எல்லாம் நம்மவனே என்று மேடைதோறும் முழங்கும் நம் தோழர்கள் இவனை ஒருமுறை பார்க்க வேண்டும். மொழி உறவைக் காட்டும். உள்ளத்திற்குப் பிணை நில்லாது.

1940 சூன் முதல் பிரித்தானியாவிற் கோயில் மணிகள் ஒலிக்கவில்லை. பகைப்படை இறங்கினாலன்றி ஒலித்தலாகாது என்பது ஆணை. ஊர்க் கோயிலின் ஆயர் கயிற்றை இழுக்கிறார், சுடப்பட்டு விழுகிறார். வெளியே ஊர்க்காவற் படையினர்க்கு அவ்வொலி கேட்கிறது, பொருட்படுத்தாது வருகின்றனர், வழியிலேயே மடிகின்றனர்.

அஞ்சலக அம்மையார் காலின்சின் காட்சியை யான் மறவேன். தம் இல்லத்தில் உண்ணும் பகைவன் கண்ணில் மிளகுத்தூளை வீசிக் கோடரியால் வெட்டிச் சாய்க்கிறார். உடனே தொலைபேசிக்கு ஓடுகிறார். மறுமுனை இணைப்பகப் பெண்டிர் வம்பளந்துகொண்டு, அவ்வழைப்பைக் காக்கவைக்கின்றனர். அவ்விடைவெளியில் மற்றொரு படையாள் நுழைந்து அவரைக் குத்திவிடுகிறான். அதன்பின் இணைப்பகத்தார் பேசுகின்றனர், விடையில்லை. பகைவன் கத்தியினும் அந்த வம்பே என்னை நடுங்கவைத்தது.

காலிற் குண்டுபட்ட சிறுவனொருவன் செய்தி கொண்டுசெல்ல, மெய்யான படை வருகிறது. அதற்குள் மனையின் பலகணிகளில் நின்று சுடுவோர் ஊர்ப் பெண்டிர். பிள்ளைகளிடையே விழுந்த கைக்குண்டைத் தூக்கியோடி ஒரு மூதாட்டி மாய்கிறார். பகைவர்க்கு வழி திறக்க முனையும் வில்சுபோர்டைச் சுட்டு வீழ்த்துபவள், ஆயரின் மகள் நோரா.

படத்தின் தொடக்கத்தை இறுதியிற் சொல்கிறேன். கோயில் முற்றத்தில் செருமானியப் பெயர்கள் பொறித்த கல்லறையைக் காட்டி, போர் என்றோ முடிந்ததுபோல ஒரு முதியவர் கதை சொல்லத் தொடங்குவார். கல்லறை திரையில் எழுந்தது 1942-இல். ஐரோப்பாவிற் போர் முடிந்தது 1945 மே திங்களில்.