பதினொன்று, பன்னிரண்டு: எந்தப் பரீட்சையை விடுவது?

(உல்லாஸ்நகர் கிளைக் கூட்டத்தில், பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களின் பெற்றோருக்காக ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து என்னைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "எந்த கிளாஸில் சேர்க்கலாம்?" காலேஜைப் பற்றிக்கூட அப்புறம்தான். நான் திருப்பிக் கேட்பது இது: உங்கள் பையனோ பெண்ணோ எந்தப் பரீட்சையை எழுதப் போவதில்லை? அதை முடிவு செய்துவிட்டீர்களா?

பத்திரிகையில் இதைப் படிக்கும் வெளியூர் அங்கத்தினர்களுக்காக ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்கூடத்தில் கிடையாது, ஜூனியர் காலேஜில். முடிவில் எச்எஸ்சி. அதோடு மாநில இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு எம்எச்டி-சிஇடி, ஐஐடி, என்ஐடிக்கு ஜேஇஇ, டாக்டருக்கு நீட், தனியார் பல்கலைக்கழகங்களின் பரீட்சைகள் வேறே.

"எல்லாம் அதே பிசிக்ஸ், அதே கெமிஸ்ட்ரிதானே" என்று அப்பாக்கள் சொல்வதுண்டு. பாடம் ஒன்றுதான், பழக்கம் வேறு. எச்எஸ்சியில் பிசிக்ஸுக்கு எழுத்து 70, ப்ராக்டிகல் 30. படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டும், ஜர்னலில் கையெழுத்து வாங்க வேண்டும். சிஇடியில் 50 கணக்குக்கு 90 நிமிஷம். ஒன்றுக்கு இரண்டு நிமிஷம்கூட இல்லை. தவறுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் விடாமல் குறிக்க வேண்டும். ஜேஇஇ மெயினில் 75 கேள்விக்கு மூன்று மணி நேரம், தப்பானால் ஒரு மார்க் போகும். அங்கே விடத் தெரிய வேண்டும். இந்த மூன்று பழக்கத்தையும் ஒரே வருஷத்தில் ஏற்றுகிறோம். தேதிகளும் நெருக்கம். 2025-ல் ஜேஇஇ முதல் சுற்று ஜனவரி 22-ல் ஆரம்பித்தது, எச்எஸ்சி எழுத்துத் தேர்வு பிப்ரவரி 11-ல். நடுவில்தான் ப்ராக்டிகல்.

அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் ஏபி கோர்ஸ் என்கிறார்கள். அங்கே எத்தனை ஏபி எடுப்பது என்று மாணவன் தேர்ந்தெடுக்கலாம் (அடுத்த வீட்டுப் பையன் ஏழு எடுத்தால் நமக்கு எட்டு என்கிற வியாதி அங்கேயும் உண்டாம்). நம் குழந்தைகளால் பாடத்தைக் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது பரீட்சைகளின் எண்ணிக்கையும், ரயிலில் போகும் நேரமும்தான்.

ரயிலைச் சொல்லிவிடுகிறேன். நமக்கெல்லாம் மாட்டுங்கா மோகம் போகவில்லை. ருயியா வேண்டும், இல்லையென்றால் எஸ்ஐஇஎஸ். 1932-ல் ஆரம்பித்த சொஸைட்டி, நல்ல கல்லூரி, மறுப்பில்லை. ஆனால் மாட்டுங்காவில் குடியிருந்த நம் பெரியவர்கள் படிக்க நடந்து போனார்கள். நாம் குடியிருப்பது உல்லாஸ்நகரில். மாட்டுங்காவிலும் சயானிலும் ஃபாஸ்ட் லோக்கல் நிற்காது. வீட்டிலிருந்து வாசல்வரை கணக்குப் போட்டால் போக வர மூன்று மணி நேரம். வாரம் ஆறு நாளுக்குப் பதினெட்டு மணி. எந்த கிளாஸும் இதை ஈடுகட்டித் தராது. இங்கேயே சிஎச்எம் காலேஜ் இருக்கிறது, கல்யாணிலும் டோம்பிவிலியிலும் இருக்கின்றன. ஆன்லைன் அட்மிஷனில் பத்து கல்லூரிகள் வரை விருப்பம் தரலாம். முதல் வரியில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் குழந்தையின் இரண்டு வருஷத் தூக்கம் இருக்கிறது.

"இன்டக்ரேடட்" என்று ஒரு ஏற்பாடு. பெயர் ஒரு காலேஜில், படிப்பு கோச்சிங் கிளாஸில். இதைத் தடுக்கத்தான் 2018-ல் மாநில அரசு பயோமெட்ரிக் வருகைப் பதிவு என்றது. எனக்கு இதில் சம்மதமில்லை. ஆய்வகத்தில் கால் வைக்காத பையன் அந்த 30 மார்க்கை எப்படி வாங்குவான்? ஜேஇஇயில் ரேங்க் வந்தாலும், என்ஐடியில் சேரப் பன்னிரண்டில் 75 சதவீதம், அல்லது போர்டில் முதல் 20 பெர்சன்டைல் வேண்டுமே.

இனி, எதை விடுவது? ஜேஇஇக்கு ஆசை இருந்தால் ஆரம்பிக்கட்டும், தடுக்காதீர்கள். பதினொன்றாம் வகுப்பு தீபாவளி லீவில் அதுவரை எழுதிய டெஸ்ட் பேப்பர்களை எடுத்து வைத்துக்கொண்டு, குழந்தையோடு உட்காருங்கள். மார்க்கைவிட முக்கியம், கடினமான கணக்கில் அரை மணி மல்லுக்கட்ட அவனுக்குப் பிடிக்கிறதா என்பது. பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே சிஇடிக்கு மாறுவது புத்திசாலித்தனம். அது மாநில போர்டு பாடத்தை ஒட்டியது. பதினொன்றிலிருந்து 20 சதவீதம், மீதி பன்னிரண்டிலிருந்து. எச்எஸ்சிக்குப் படிப்பதே பெரும்பகுதி உதவும். இரண்டாம் மொழிக்குப் பதில் ஐடி எடுப்பதும் கொஞ்சம் பாரம் குறைக்கும். சம்ஸ்கிருதத்தில் மார்க் வரும் என்றால் எடுக்கட்டும், வைதிகம் என்பதற்காக மட்டும் வேண்டாம்.

ஆனால் தீபாவளியில் மாற முடியாமல் போவதற்குக் காரணம் குழந்தை அல்ல, கட்டின பணம். இரண்டு வருஷ ஃபீஸை மொத்தமாகக் கட்டிவிட்டோம், இனி எப்படி விடுவது என்கிறோம். கட்டியது நாம், சுமப்பது அவன். அதனால் தவணையில் மட்டும் கட்டுங்கள். மத்திய அரசு 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான ஃபீஸைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்றிருக்கிறது. ஒரு நாளில் ஐந்து மணிக்கு மேல் வகுப்பு கூடாது, வார விடுமுறை உண்டு, விடுமுறைக்கு மறுநாள் டெஸ்ட் கூடாது என்றும் இருக்கிறது. இது சட்டம் அல்ல. ஆனாலும் பணம் கட்டும் முன் இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவர்களிடம் ஏன் சேர்க்க வேண்டும்?

இன்னொன்று, சங்கடமானாலும் சொல்ல வேண்டும். கோட்டாவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நம்மாத்துக் குழந்தை அப்படியில்லை என்று எந்த மாமியும் நினைக்க வேண்டாம். சாப்பாடு குறைந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, பேச்சு நின்றாலோ மார்க்கை விசாரிக்காதீர்கள், குழந்தையை விசாரியுங்கள். 14416 என்பது அரசின் டெலி மானஸ் எண். இரவிலும் எடுப்பார்கள், பணம் கிடையாது. பெற்றோரும் பேசலாம்.

விருப்பப் பட்டியல் நிரப்புவதில் சந்தேகம் உள்ளவர்கள் மார்க் ஷீட்டோடு வாருங்கள். காபி ஆனதும் இங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம். குழந்தையையும் அழைத்து வாருங்கள், அவர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.