காரணம் சொல்லாத எதிர்வாக்கு



என்னைப் பேச அழைத்த இந்த அறக்கட்டளை யார் நினைவைப் போற்றுகிறதோ, அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மதிப்பெண்ணைக் குறைத்தால், ஏன் குறைத்தேன் என்று விடைத்தாளின் ஓரத்தில் எழுதாமல் விடமாட்டார் என அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இணைய விவாதத்தில் காரணமே சொல்லாமல் ஒருவர் மதிப்பைக் குறைக்கும் டவுன்வோட் எனும் எதிர்வாக்குப் பொத்தானைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை எனக்கு வாய்க்காது.

ஜஸ்டின் செங்கும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிஎன்என் உள்ளிட்ட நான்கு தளங்களில் வாசகர்கள் எழுதிய கருத்துகளை எடுத்து, ஏறக்குறைய ஒரே தரமுள்ளவற்றை இணை சேர்த்து ஒப்பிட்டார்கள். எதிர்வாக்கு வாங்கியவர் திருந்தவில்லை, அடங்கவும் இல்லை. முன்னைவிட அதிகமாக எழுதினார். தரம் இன்னும் தாழ்ந்தது. மற்றவர்களுக்கும் எதிர்வாக்கைக் கூடுதலாகப் போட்டார். தளத்தை விட்டு அதிகம் விலகியவர்கள், யாருமே கண்டுகொள்ளாதவர்கள்.

ஏன் இப்படி? ஒருவர் பதிவின்கீழ் மைனஸ் 5 என்று நிற்கிறது. தகவல் பிழையா, தொனி பிழையா, அல்லது அவர் சார்ந்த தரப்பே பிடிக்கவில்லையா? எண் எதையும் சொல்வதில்லை. ஹேக்கர் நியூஸ் தளத்தில் எதிர்வாக்கு விழ விழ எழுத்தே நிறம் மங்கி வெளிறிப்போகும். எழுதியவருக்குக் கிடைப்பது திருத்தம் அல்ல, அவமானம். அவமானப்பட்டவர் பாடம் கற்பதில்லை, பதிலடி தேடுகிறார்.

எளியவர்களுக்கு இதுவும் ஓர் ஆயுதம்தானே என்பார்கள். உண்மைதான். 2017 நவம்பரில், காசு கொடுத்து வாங்கிய ஸ்டார் வார்ஸ் விளையாட்டில் டார்த் வேடர் பாத்திரம் பூட்டிக் கிடப்பதாக ஆட்டக்காரர்கள் குமுறினார்கள். அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ரெடிட் விவாதத் தளத்தில் எழுதிய சமாதானத்துக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் குவிந்தன; நிறுவனம் இறங்கிவந்தது. ஆனால் அங்கே காரணம் ஊரறிந்தது, எதிரே நின்றது பெருநிறுவனம். தனியாள்மீது அதே அம்பு பாயும்போது நான் எய்பவர்கள் பக்கம் நிற்கமாட்டேன்.

பொத்தானையே ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு விடைக்கு எதிர்வாக்குப் போட்டால், போட்டவர் கணக்கிலும் 1 புள்ளி குறையும்; கை தயங்கும். 1997இல் தொடங்கிய தொழில்நுட்பச் செய்தித் தளமான ஸ்லாஷ்டாட் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே மதிப்பிடுவோருக்கு எண்ணிச் சில புள்ளிகளே தரப்பட்டன. சண்டைக்கு இழுப்பது, தலைப்புக்குப் புறம்பானது என ஏதாவது ஒரு காரணத்தைத் தேர்ந்துதான் ஒரு கருத்தைக் கீழிறக்க முடிந்தது. அந்த மதிப்பீடு நியாயமா என்பதை வேறு வாசகர்கள் பிறகு சரிபார்த்தார்கள். கணினித் துறை மாணவர்களே, நாளை நீங்கள் ஒரு விவாதத் தளம் கட்டும்போது ரெடிட்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பிரித்துப் பாருங்கள்.