பால் ஒத்துக்கொள்ளவில்லையா?



"பால் குடிச்சா எனக்கு வயிறு உப்புசமாப் போகுது, மோர் எத்தனை குடிச்சாலும் ஒண்ணும் செய்யறதில்லை" என்று பல பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது வீண் பேச்சில்லை. நம் தென்னாட்டுப் பெரியவர்களில் பலருக்கு உள்ளதுதான்.

பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. ஒரு டம்ளர் பசும்பாலில், அதாவது 200 மில்லியில், சுமார் 10 கிராம். மூணாறு தலைப்பில் தண்ணீர் பிரித்து விட்டால்தானே வயலுக்குப் பாயும்? இந்தச் சர்க்கரையும் குடலில் இரண்டாகப் பிரிந்தால்தான் உடம்பில் சேரும். பிரிக்கும் வேலை லாக்டேஸ் என்னும் நொதிக்கு. கைக்குழந்தைக்கு அது நிறைய ஊறும். வயது ஏறினால் பலருக்குக் குறைந்துவிடும். பிரியாத சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயுவும் பேதியும் உண்டாக்கும்.

தயிரில் அந்தத் தொல்லை குறைவு. பால் உறையும்போதே கிருமிகள் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மீதியைப் பிரிக்கத் தங்கள் நொதியையும் நம் குடலுக்குக் கொண்டு வருகின்றன. அவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்பது சூட்டை விரும்பும் ஜாதி, 40 டிகிரிக்கு மேலும் வேலை செய்யும். கொதித்தால் தாங்காது, கொதித்த மோர்க்குழம்பில் இந்த உதவி கிடைக்காது. வெந்நீர் ஊற்றுக் கிருமிகளின் நொதி 70 டிகிரியிலும் பால் சர்க்கரையைப் பிரிக்கும். அது தொழிற்சாலைச் சமாசாரம். நமக்கு ஒரு கரண்டி உறைமோர் போதும்.

இனி முக்கியமான விஷயம். பேதியில் குடல் புண்ணாகி, குழந்தைக்கும் அந்த நொதி சில நாள் குறையலாம். உடனே, "உன் பாலே குழந்தைக்குச் சேரலை" என்று மாமியார் சொல்லுவார். கேட்காதீர்கள், அம்மா! தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, அடிக்கடி கொடுங்கள். வீட்டுக்காரர்களே, அந்த நேரத்தில் மனைவி பக்கம் நில்லுங்கள். புட்டிப்பாலுக்கு ஓடாதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 10 மில்லிகிராம், மேற்பட்டதற்கு 20. பேதி நின்றாலும் பாதியில் விடக்கூடாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தயிர்சாதம் குழைத்து ஊட்டலாம்.

கண் குழி விழுந்தாலோ, ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள்.