நிலவறையில் 18 குழிகள்



பெர்லின் நகரத்தின் குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில் கோர்லிட்சர் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த இடம் பரபரப்பான ரயில் நிலையம். 1860-களில் கட்டியது. 1951-ல் பயணிகள் ரயில் நின்றுபோனது. பிறகு கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். தண்டவாளம் ஓடிய நிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூங்காவாக மாறியது. இடிபடாமல் தப்பிய பழைய கட்டடம் ஒன்றில் இப்போது காபிக்கடை நடக்கிறது. அதன் நிலவறையில் இருக்கிறது, பந்தை உருட்டிக் குழியில் விழவைத்து ஆடும் மினிகோல்ஃப் கூடம். மொத்தம் 18 குழிகள்.

படியிறங்கிக் கதவைத் தாண்டினால் சாதாரண விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் கண் கூசுகிறது. ஆரஞ்சும் பச்சையும் ஊதாவுமாகச் சுவரிலிருக்கும் ஓவியங்களே வெளிச்சம் விடுகின்றன. கையில் கொடுத்த பந்து ஒளிர்கிறது. எதிரே வருபவரின் முகம் தெரியவில்லை, பல்வரிசை மட்டும் நீலம் பாய்ந்து தெரிகிறது.

பெர்லினுக்குப் போகிறவர்கள் அருங்காட்சியகத் தீவைப் பார்ப்பார்கள், இடிந்த பெர்லின் சுவரின் மிச்சத்தைப் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். மழையும் குளிருமாக இருக்கும். கூட வந்த பிள்ளைகள் நடந்து நடந்து சோர்ந்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் அமைவது கடினம். கூரைக்குக் கீழே ஆடும் மினிகோல்ஃபைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் நிலவறையின் அந்த ஒளிரும் சுவரை நின்று பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கோல்ஃப் என்றாலே ஏக்கர் கணக்கில் புல்வெளி, காசுள்ளவர்களின் மன்றம் என்பதுதான் நம் நினைவுக்கு வரும். மினிகோல்ஃபின் கதை அதற்கு நேர் எதிர். இடம் மறுக்கப்பட்டவர்களும் இடமே இல்லாதவர்களும் வளர்த்த ஆட்டம் இது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-ல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு மன்றம் தொடங்கினார்கள். தோளுக்கு மேல் மட்டையை ஓங்கி அடிப்பது பெண்ணுக்கு அழகல்ல என்று ஊர் சொன்ன காலம் அது. ஓங்கத்தானே கூடாது, உருட்டலாம் அல்லவா? மேடும் பள்ளமுமான ஒரு சிறிய புல்தரையில் பந்தை உருட்டி ஆடினார்கள். ‘இமயமலை’ என்று பெயர் பெற்ற அந்தப் புல்தரையில் இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து ஆடலாம்.

அடுத்தது நியூயார்க். 1926-ல் டிரேக் டெலனோய், ஜான் லெட்பெட்டர் என்ற இருவர் வானளாவிய கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் திடல் அமைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த நகரத்தில் இப்படிச் சுமார் 150 மொட்டைமாடித் திடல்கள் முளைத்தன. மாடியில் புல் வளராதே என்று கேட்பீர்கள். அதற்கு முன்பே, 1922-ல், மெக்சிகோவில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த தாமஸ் ஃபேர்பேர்ன் என்ற ஆங்கிலேயர் வழி கண்டுபிடித்திருந்தார். பருத்தி விதையின் தோலை நொறுக்கி, மணலும் எண்ணெயும் பச்சைச் சாயமும் கலந்து கெட்டித்தால் பந்து அதன்மேல் வழுக்காமல் உருளும். கழிவாகக் கிடந்த பொருள், நகரத்துக்குள் கோல்ஃபைக் கொண்டுவந்துவிட்டது.

அலங்காரம் எப்போது வந்தது? அதற்கு ஒரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். டென்னசி, ஜார்ஜியா மாநில எல்லையில் லுக்அவுட் என்றொரு மலை. 1927-ல் கார்னெட் கார்ட்டர் என்பவர் அங்கே தம் விடுதி விருந்தினர்களுக்காகச் சிறிய திடல் ஒன்றை அமைத்தார். அதை அழகுபடுத்தியவர் அவர் மனைவி ஃப்ரீடா. ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் அவருக்கு அளவற்ற பிரியம். குள்ளமனிதர் சிலைகளையும் தேவதைக் கதைப் பாத்திரங்களையும் குழிகளுக்கு நடுவே நிறுத்தினார். ஆட வந்தவர்கள் கதைக்குள் நடந்தார்கள். கணவர் அந்த ஆட்டத்துக்கு டாம் தம்ப் கோல்ஃப் என்று பெயரிட்டு, நாடெங்கும் திடல்களை விற்றார். 1930-ல் பொருளாதாரம் சரிந்து கிடந்த அமெரிக்காவில் சில்லறைக் காசுக்கு ஆடக்கூடிய இந்தத் திடல்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. பெருகிய வேகத்திலேயே மூடவும் செய்தன. ஃப்ரீடா சும்மா இருக்கவில்லை. அதே மலையில் பாறைகளுக்கு நடுவே அவர் வளர்த்த தோட்டம் 1932-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. ராக் சிட்டி என்ற அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது.

சரி, பெர்லின் நிலவறைக்குத் திரும்புவோம். அந்தச் சுவர் ஏன் ஒளிர்கிறது? இன்றைய உரையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

மேடை ஒளியமைப்பு வேலை பார்ப்பவர் ஒருவர் அந்த அறைக்குள் நுழைந்தால் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார். அங்கே மங்கலான ஊதா நிறக் குழல்கள் தெரியும். அவை வெளியிடுவதில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். சுவரிலுள்ள சாயம் அந்தக் கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் திருப்பித் தருகிறது. மற்ற வண்ணங்கள் தம்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைப் பிரதிபலிப்பதோடு சரி. இந்தச் சாயமோ, காணாத ஒளியைக் காணும் ஒளியாக்குகிறது. இதை 1852-ல் முறையாக ஆராய்ந்து எழுதியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். அவர் கையில் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று குயினின், மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்தார்களே, அதே மருந்து. டானிக் வாட்டர் என்ற பானத்தில் இன்றும் சிறிதளவு குயினின் உண்டு. கூடத்துக்குள் ஒரு குவளை டானிக் வாட்டரைக் கொண்டுபோனால் வெளிர்நீலமாக ஒளிரும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அறிவியல் சொல்லித் தர அந்தக் குவளை போதும்.

இந்தச் சாயம் சுவருக்கு வந்த கதை இன்னும் சுவையானது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் பாப், ஜோ என்று ஸ்விட்சர் குடும்பத்து அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். பாப் மருத்துவராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தார். 1933-ல், விடுமுறையில் சம்பாதிக்கப் போன இடத்தில் விழுந்து, தலையில் பலத்த அடி. பார்வை பாதிக்கப்பட்டது. தேறும்வரை இருட்டறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் மருத்துவர்கள். மருத்துவப் படிப்பின் கனவு அதோடு போயிற்று. தம்பி ஜோவுக்கு மாய வித்தையில் ஆசை. இருட்டில் ஒளிரும் பொருள்களை வைத்து ஒரு வித்தை காட்ட முடியுமா என்று யோசித்தார். அப்பா வைத்திருந்தது மருந்துக்கடை. இருவரும் இரவில் புற ஊதா விளக்கோடு கடைக்குள் போய், அலமாரிப் புட்டிகளின்மேல் ஒவ்வொன்றாக வெளிச்சம் காட்டினார்கள். சில புட்டிகள் பளிச்சென்று பதில் சொல்லின. அந்தப் பொருள்களை எடுத்துவந்து அரக்கு வார்னிஷில் குழைத்தார்கள். சாயம் பிறந்துவிட்டது.

1934-ல் ஓக்லண்டில் நடந்த மாய வித்தைக்காரர்கள் மாநாட்டில் ஜோ அதை அரங்கேற்றினார். இருண்ட மேடையில் ஆடிக்கொண்டிருந்த நடனப் பெண்ணின் தலை, உடலை விட்டுப் பிரிந்து தனியே மிதந்தது. பரிசு கிடைத்தது. பிறகு சகோதரர்கள் கிளீவ்லாண்டில் டே-குளோ நிறுவனத்தை வளர்த்தார்கள். பகல் வெளிச்சத்திலும் பளீரிடும் சாயங்களை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் விமானங்களுக்குத் தரையிலிருந்து சைகை காட்டும் துணிகளில் அந்தச் சாயம் இருந்தது. சாலை வேலை செய்பவர்கள் அணியும் ஒளிர்சட்டையும் அதே குடும்பம்தான். 2012-ல் அமெரிக்க வேதியியல் கழகம் இந்தக் கண்டுபிடிப்பை வரலாற்றுச் சிறப்புள்ளதாக அறிவித்தது. மேடை வித்தைக்காகப் பிறந்த சாயம், ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒரு நிலவறையில் விளையாட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. கேட்கவே மகிழ்ச்சியாக இல்லையா?

மேடையில் இந்த விளக்கைக் கையாண்டவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். கறுப்பு வெல்வெட்டில் ஒட்டிய ஒரு துளிப் பஞ்சுகூட நட்சத்திரம் மாதிரி மின்னும். நிகழ்ச்சிக்கு முன்னால் ஒட்டுநாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு ஆடைகளையெல்லாம் ஒற்றி ஒற்றி எடுப்பது ஒரு தனி வேலை. காரணம் சலவைத்தூள். துணி வெளுப்பாகத் தெரியட்டும் என்று அதில் சேர்க்கும் பொருளும் புற ஊதாவில் ஒளிரக்கூடியதுதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் நீங்களே ஒரு விளக்கு. நம் ரூபாய்த் தாளிலும் இந்த வித்தை இருக்கிறது. எண்கள் அச்சான இடமும் தாளுக்குள் பதித்த நுண்ணிழைகளும் புற ஊதாவில் ஒளிரும். வங்கிக் காசாளர் தாளைச் சிறிய ஊதா விளக்கின்கீழ் காட்டிப் பார்ப்பது அதற்காகத்தான்.

இந்தச் சாயத்துக்கு ஆயுள் குறைவு. கதிர் பட்டுப் பட்டு நாளடைவில் மங்கிவிடும். பளபளப்பு குறையாமல் இருக்கும் கூடம் என்றால், அங்கே யாரோ தூரிகையோடு திரும்பத் திரும்பச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே போகும்போது அந்த உழைப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் சில கூடங்களில் ஒரு கண்ணாடியும் தருகிறார்கள். அதை மாட்டினால் சிவப்பு முன்னால் வந்து நிற்கும், நீலம் பின்வாங்கிப் போகும். ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு அளவில் வளைக்கும் கண்ணாடி அது. தட்டையான சுவரில் ஆழம் பிறந்துவிடும். பார்த்து ரசிக்க அருமை, ஆடுவதற்கோ கடினம். தரையிலிருக்கும் சிவப்புக் கோடு காலுக்கு மேலே மிதக்கிற மாதிரி இருக்கும். அடிக்கும்போது கழற்றிவிடுவதே நல்லது.

ஆட்டத்தைப் பற்றி நான்கு வார்த்தை. 18 குழி, ஒவ்வொன்றிலும் எத்தனை அடியில் பந்தை விழவைத்தீர்கள் என்பது கணக்கு. ஆறு அடியிலும் விழாவிட்டால் ஏழு என்று எழுதிக்கொண்டு அடுத்த குழிக்கு நகர வேண்டும். சர்வதேசப் போட்டிகளிலும் இதே விதிதான். இந்த ஒரு விதி இல்லையென்றால் பின்னால் நிற்கும் குடும்பம் விடியும்வரை காத்திருக்கும். கேரம் ஆடிப் பழகிய கைக்கு இங்கே பாதி வேலை முடிந்தது. பக்கச்சட்டத்தில் மோதிய பந்து எந்தக் கோணத்தில் வந்ததோ ஏறக்குறைய அந்தக் கோணத்தில் திரும்பும். நேராகக் குழியைப் பார்க்காமல் சட்டத்தைப் பார்த்து அடிக்கலாம். இருட்டறையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: சாயம் பூசிய இடம்தான் கண்ணுக்குத் தெரியும், பூசாத மேடு தெரியாது. ஆகவே முதல் ஆளாக அடிக்க முந்த வேண்டாம். முன்னால் அடிப்பவரின் பந்து எங்கே தயங்குகிறது, எங்கே வளைகிறது என்று பாருங்கள். தரையின் ரகசியத்தை அந்தப் பந்து காட்டிக்கொடுக்கும்.

இங்கேதான் இந்த ஆட்டத்தின் அருமை இருக்கிறது. நான்கு பேர் போனால், உங்கள் முறை வரும்வரை மூன்று பேர் ஆடி முடிக்க வேண்டும். அதுவரை என்ன செய்வீர்கள்? சுவரைப் பார்ப்பீர்கள். ஓவியக்கூடத்தில் ஒரு படத்தின்முன் சில நொடி நின்று நகர்ந்துவிடும் பிள்ளை, இங்கே ஒரே சுவரின்முன் பல நிமிடம் நிற்கிறது. மூலையில் ஒளிந்திருக்கும் மீனையோ பறவையையோ அதுவே கண்டுபிடித்துக் கத்துகிறது.

லண்டனில் வேறு மாதிரி. 2018-ல் வெஸ்ட்ஃபீல்ட் வணிக வளாகத்தில் திறந்த பட்ஷாக் என்ற கூடத்தில் பந்துக்குள்ளேயே மின்னணுச் சில்லு இருக்கிறது. எத்தனை அடி என்று பந்தே எண்ணிவிடும். ஜங்க்யார்ட் கோல்ஃப் என்ற கூடங்களில் பழைய சாமான்களையும் ஓட்டை உடைசலையும் கொண்டு தடைகள் கட்டியிருக்கிறார்கள். இரண்டும் நல்ல கூட்டம் சேரும் இடங்கள். ஆனாலும் சின்னப் பென்சிலால் அட்டையில் எழுதி, “ஐந்தா ஆறா?” என்று வாதாடுவதில் இருக்கும் கலகலப்பு, தானே எண்ணும் பந்தில் கிடைக்காது.

முடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. வெளியூர்ப் பயணத்தில் இப்படி ஒரு கூடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வாரக் கடைசியில் கூட்டம் அதிகம் இருக்கும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். வெள்ளை உடை போட்டுக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியையும் கட்டாயம் கூட்டிப் போங்கள், ஓடவோ குதிக்கவோ தேவையில்லாத ஆட்டம் இது. அடுத்த விடுமுறைக்குள் உங்களில் சிலராவது ஆடிவிட்டு வந்து, எந்தச் சுவர் பிடித்தது என்று எனக்கு ஒரு கடிதம் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.