செய்தி வரும் வழியும் நமது பொறுப்பும்

(பூவிருந்தவல்லியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி நாம் கூடும்போதெல்லாம் பேசி வருகிறோம். இன்று செய்தியைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம். செய்தியும் குடிநீரைப் போன்றதே. அது எங்கிருந்து வருகிறது, வழியில் என்ன கலந்தது என்று பாராமல் அருந்தினால் ஊருக்கே கேடு விளையும்.

நமது மாநிலத்தில் வானொலிக்கு வித்திட்டவர் திரு. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார். 1924ஆம் ஆண்டு அவரது முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. அதன் குரலைத் தொலைதூரங்களுக்குக் கொண்டு சென்ற ஒலிபரப்புக் கருவிகள் நமக்கு அண்மையிலுள்ள ஆவடியில் நிறுவப்பெற்றன.

அந்நாளில் ஊராட்சி வானொலிப் பெட்டியின் முன் ஊரே கூடியது. 1956இல் புனே வட்டாரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1959இல் நாடெங்கும் பரவிய கிராம வானொலி மன்றங்களின் குறிக்கோள், ‘கேளுங்கள், கலந்து பேசுங்கள், செயலாற்றுங்கள்’ என்பதாகும். தேநீர்க் கடையிலோ ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். அப்பத்துப் பேரில் ஒருவராவது, “அப்படியிருக்க முடியாதே!” என்று மறுத்துப் பேசுவார். இவ்வாறு கேட்பதும் ஆராய்வதும் ஒரே இடத்தில் நிகழ்ந்தன.

1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. 1995இல் இந்திய மக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. 2016க்குப் பின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறையவே, களத்துமேட்டில் நிற்பவர் கையிலும் கைப்பேசி செய்தித்தாளாகவும், வானொலியாகவும், தொலைக்காட்சியாகவும் ஆகிவிட்டது. பத்திரிகையை விலை கொடுத்து வாங்குவோர் குறைகின்றனர். பத்திரிகை அச்சிடும் செலவுக்கு வாசகர் தரும் விலை என்றும் போதியதன்று. விளம்பர வருவாயே அதனைத் தாங்கி வந்தது. அவ்வருவாயில் பெரும்பகுதி இன்று கூகுள், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குச் சென்றுவிடுகிறது. ஊர் ஊராகச் சென்று விசாரித்து எழுதும் நிருபரை வைத்துக்கொள்வது பத்திரிகைக்குக் கடினமாகிறது. இவையாவற்றினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. முன்பு கேட்பவராக மட்டும் இருந்த நாம், இன்று ஒரு விரல் அசைவால் நூறு பேருக்குச் செய்தி அனுப்புபவர்களாகவும் ஆகியிருக்கிறோம்.

இதனால் விளைந்த நன்மைகள் கண்கூடு. கோயம்பேட்டில் இன்று கத்தரிக்காய் என்ன விலை என்பதை அறிய, மறுநாள் பத்திரிகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேளாண்மைத் துறையின் உழவன் செயலி 2018இல் வந்தது. சந்தை விலை, மானியம், வானிலை, விதை இருப்பு ஆகியவற்றை அதில் காணலாம்.

நன்மையும் தீமையும் சேர்ந்தே வந்ததை 2015 டிசம்பர் வெள்ளம் நமக்குக் காட்டிற்று. டிசம்பர் 1ஆம் நாள் நமது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை உபரி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்தை அடைய இயலாமையால், 1878 முதல் வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழ் மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. அச்சமயத்தில், எவ்விடத்தில் எவர் சிக்கியுள்ளார், எங்கே உணவு கிடைக்கும் என்ற பட்டியல்களைத் தன்னார்வ இளைஞர்கள் இணையத்தில் தொகுத்துப் பலரைக் காத்தனர். ஆனால், அதே கைப்பேசிகளில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்யும் பரவிற்று. மின்சாரம் நின்று கைப்பேசிகள் ஓய்ந்த இடங்களில் இரண்டும் எட்டவில்லை. அத்தகைய வேளையில் பேட்டரியில் இயங்கும் சிறு வானொலியே துணையாகும்.

பொய்ச் செய்தி உயிரையும் வாங்கும். 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. நமது திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். போளூர் அருகே, கோவிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததனாலேயே ஐயத்திற்கு ஆளாகி மாண்டார். அடித்தவர்கள் கொடியவர்களாகப் பிறந்தவர்களல்லர். தம் பிள்ளைகளுக்காக அஞ்சியவர்களே. அந்த அச்சத்தை ஊட்டியது, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு செய்தி. அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு வைத்தது. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. பிற இடங்களில் எடுத்த காட்சிகள் அவற்றில் சேர்க்கப்பட்டிருந்தன. அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளில் நம்மோடு உழைக்கும் மக்களைப் பற்றிய பொய் அது. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை சில உள.

முதலாவது, ஒவ்வொரு ஊராட்சியிலும் அறிவிப்புக்கென ஒரு குழு கைப்பேசியில் இருக்கட்டும். அதில் ஊராட்சிச் செயலர் மட்டுமே செய்தி இடவேண்டும். நாளும் நேரமும் குறிப்பிட வேண்டும். அதே அறிவிப்பைப் பலகையிலும் ஒட்டி, ஒலிபெருக்கியிலும் சொல்ல வேண்டும். கைப்பேசி இல்லாத முதியோரும் நம் குடிமக்களே.

இரண்டாவது, அச்சமூட்டும் செய்தி வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். சொன்னவர் யார்? நடந்தது எந்த ஊரில், என்று? வேறு எந்தப் பத்திரிகையாவது, வானொலியாவது இதனைக் கூறிற்றா? விடை கிடைக்காவிடில், நம் கையோடு அது நிற்கட்டும். வெள்ளம், புயல் பற்றிய ஐயங்களுக்கு 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணில் கேட்கலாம்.

மூன்றாவது, ஊராட்சி நூலகத்தில் இரண்டு நாளிதழ்களாவது வரட்டும். ஒரே செய்தியை இருவர் எழுதிய விதத்தை ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஏற்படும். மழைக்காலத்திற்கு முன் பேட்டரி வானொலி ஒன்றையும் அலுவலகத்தில் வைத்துக்கொள்வோம்.

கருவிகள் மாறியுள்ளன; இன்னும் மாறும். முன்பு தேநீர்க் கடையில் மறுத்துப் பேசிய அந்த ஒருவரின் வேலையை இனி நாம் ஒவ்வொருவரும் ஏற்க வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து, உங்கள் ஊருக்கேற்ற முறையில் தீர்மானம் செய்யுமாறு வேண்டிக்கொள்கிறோம்.