மார்பில் சீழ்க்கட்டி: ஊசியா, கத்தியா?

பாலூட்டும் தாய்க்குப் பால் கட்டி, மார்பு சிவந்து வீங்கி, குளிர்காய்ச்சலும் வந்தால் சில சமயம் உள்ளே சீழ் கோத்துவிடும். அதன்பின் மாத்திரை மட்டும் போதாது. சீழை வெளியேற்றியே ஆகவேண்டும். முன்பெல்லாம் மயக்க மருந்து கொடுத்துக் கீறிவிடுவார்கள். தழும்பு, கட்டு மாற்றும் வலி, கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரி வாசம், பாவம்! இப்போது தோல் நன்றாக இருந்தால், மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் சீழை உறிஞ்சி எடுக்கிறார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஓரிரு நாள் கழித்து மறுபடி எடுக்க நேரலாம். கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஊசி மட்டும் போதாமல் போகலாம். தோல் மெலிந்து பளபளத்தால் கீறுவதே நல்லது. எதுவானாலும் ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். பால் கொடுப்பதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள் தாய்மார்களே, நிறுத்தினால் இன்னும் கட்டிக்கொள்ளும்.