வாட்டம்

மழைநீர் வடிகால்களை மேம்படுத்துவது பற்றி நேயர்களிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருஷம் இதிலேயே புழங்கியவனிடம் பத்து நிமிஷம் கொடுத்தால் எதைச் சொல்வது, எதை விடுவது? யோசித்துப் பார்த்து, ஒரு வேப்பிலையில் ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. சென்னையின் மேற்குப் பக்கத்தில் ஒரு தெரு. வடிகால் கட்டி முடிந்து, மேலே சிலாப் மூட வேண்டியதுதான் பாக்கி. நான் லெவல் கருவியை வைத்து அளந்து, நோட்டில் வரிசையாக டிக் அடித்துக்கொண்டு வந்தேன். அங்கே இருந்த வயதான மேஸ்திரி பக்கத்தில் வந்தார். "சார், கணக்கு உங்க நோட்டுல இருக்கட்டும். தண்ணியையும் ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்றார். கான்கிரீட்டை நனைக்க வந்திருந்த தண்ணீர் லாரியின் ஹோஸை மேல்முனையில் திறந்துவிடச் சொன்னார். தெருவோர மரத்தில் ஒரு வேப்பிலையைக் கிள்ளிப் போட்டார். இலை மிதந்து போக, நாங்கள் இருவரும் கரையோரம் கூடவே நடந்தோம். பத்து வீடு வரைக்கும் ஜோராகப் போயிற்று. பதினோராவது வீட்டு வாசலில் வேகம் குறைந்தது, நின்றது, அங்கேயே சுற்றியது. பிறகு, நம்புங்கள், வந்த வழியே ஒரு சாண் திரும்பி வந்தது!

முதல் நாள் போட்ட கான்கிரீட்டும் மறுநாள் போட்டதும் சேரும் இடத்தில் தரை இரண்டு விரற்கடை மேடு தட்டியிருந்தது. நான் முப்பது மீட்டருக்கு ஒரு தரம்தான் அளந்திருந்தேன். மேடு நடுவில் பதுங்கியிருந்தது. மேஸ்திரி என்னை ஒன்றும் சொல்லவில்லை. "உடைச்சிரலாமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

தண்ணீர் தானாக ஓடுவதற்கான இந்தச் சரிவுக்குத்தான் கட்டட வேலையில் வாட்டம் என்று பெயர். குளியலறை மூலையில் தண்ணீர் தேங்கினால் "வாட்டம் சரியில்லை" என்று நீங்களே கொத்தனாரிடம் சண்டை போட்டிருப்பீர்கள். முகத்தில் இருந்தால் கவலை, தரையில் இல்லாவிட்டால் கவலை. அகலமாக, ஆழமாகக் கட்டினால் வெள்ளம் வடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வாட்டம் இல்லாத பெரிய வடிகால், நீளமான ஒரு தொட்டி. அவ்வளவுதான்.

சென்னையில் இந்த வாட்டம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஊர் சப்பட்டை. ஆயிரம் அடி போனால் ஒரு அடி இறக்கம் கிடைத்தாலே கும்பிடு போடுவோம். அதில் ஒரு மின்சாரக் கேபிளோ குடிநீர்க் குழாயோ குறுக்கே வந்துவிட்டால் தீர்ந்தது கதை. அதை நகர்த்த இன்னொரு துறையிடம் போக வேண்டும், கடிதம் எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் வடிகாலின் தரையையே தூக்கிக் கேபிளுக்கு மேலே கொண்டுபோய்விடுவார்கள். அப்படிக் கட்டிய ஒன்றை ஒரு சித்திரை மாதம் திறந்து பார்த்தேன். ஊரே காய்ந்து கிடக்க, உள்ளே முழங்கால் தண்ணீர். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "கொசுவுக்கு நல்லா வீடு கட்டிக் குடுத்துட்டீங்க சார்" என்றார். வேலையை எடுத்தவர் யாரோ, ஏச்சு எனக்கு!

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வீடு ஒரு கிரவுண்டு மனை என்று வைத்துக்கொள்ளுங்கள், 2,400 சதுர அடி. பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மனையில் மட்டும் விழும் தண்ணீர் சுமார் 22,000 லிட்டர். ஏறக்குறைய இரண்டு பெரிய டேங்கர் லாரி. தெருவில் ஐம்பது வீடு இருந்தால் நூறு லாரியைக் கொண்டுவந்து உங்கள் முனையில் கவிழ்ப்பதற்குச் சமம். முன்பு இதில் ஒரு பங்கை மண் குடித்தது. இப்போது வாசல் வரைக்கும் சிமென்ட்.

2021 நவம்பரில் ஒரே இரவில் நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தியாகராய நகர் மிதந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர் அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்றும் பெயர்ப்பலகை இருக்கிறது. ஏரியைத்தான் காணோம். தண்ணீருக்குப் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாது, பழைய பள்ளம் தெரியும். அந்த வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் வல்லுநர் குழு அமைத்தார்கள், பல இடங்களில் புது வடிகால்கள் வந்தன. சில தெருக்களில் மழை நின்ற சில மணி நேரத்தில் தரை தெரிந்ததை நானே பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை மறுபடி தத்தளித்தது. வடிகால் தெருவோடு முடிவதில்லையே! தெருவிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து கூவம் அல்லது அடையாறு, அங்கிருந்து கடல். கடல் கொந்தளித்து மேலேறி நின்றால் ஆறு எங்கே இறங்கும்? ஆற்றில் இறங்க முடியாத தண்ணீர் கால்வாயில் நிற்கும், கால்வாயில் நிற்பது உங்கள் வாசலுக்குத் திரும்பும். பதினோராவது வீட்டு வேப்பிலை மாதிரிதான். போதாக்குறைக்கு மணல் வேறு: துறைமுகம் கட்டிய நாளிலிருந்து அதன் தெற்கே கடல் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. நாம் சுண்டல் வாங்கித் தின்னும் அந்த மணலின் உறவுதான் கூவத்தின் வாயையும் அடைப்பது. ஆகவே முகத்துவாரத்தைத் தூர்வாராமல் தெருவில் மட்டும் தோண்டிக்கொண்டிருப்பது, தொண்டை அடைத்தவருக்கு இன்னும் பெரிய கவளமாக ஊட்டுவது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ரோடு உயர்ந்த கதை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிய கதை எல்லாம் குறித்து வைத்திருந்தேன். இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

நேயர்களிடம் இரண்டே விஷயம். தெருவில் தண்ணீர் நின்றால் கடப்பாரையால் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடாதீர்கள். அது கழிவுநீருக்கான குழாய். மழைநீரையும் உள்ளே விட்டால் பள்ளத்தில் இருக்கிறவர் வீட்டுக் கழிப்பறையில் எதிர்த்துப் பொங்கும். இரண்டாவது, உங்கள் தெருவில் வடிகால் வேலை நடக்கிறதா? சிலாப் மூடுவதற்குள் ஒரு நாள் காலையில் போய் நில்லுங்கள். மேஸ்திரியிடம், "அண்ணே, தண்ணி விட்டுப் பாத்தீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார். கையோடு ஒரு வேப்பிலையும் கொண்டுபோங்கள்.

ஐப்பசி மழைக்குள் அந்த இலை உங்கள் பதினோராவது வீட்டைத் தாண்டிப் போகட்டும்.